மூணாவது தூண்கிட்ட நிக்கிறேன்

இதை இன்றைக்கே சொல்லிவிட வேண்டும். நாளைக்கு என்றால் என் தங்கைக்குப் பக்கத்து வீட்டுக் கெங்கம்மா முந்திக்கொள்வாள். அவள் சொல்லும் கதையில் நான் வீடியோக்காரனின் பல்லை உடைத்தவனாக மட்டும்தான் வருவேன். பல்லெல்லாம் உடையவில்லை. சட்டைப் பொத்தான் இரண்டு போனது, அவ்வளவுதான். அதற்கும் அவன் வாய்தான் காரணம். ஆனால் இன்று காலை எங்கள் கோயிலில் நடந்தது அது இல்லை. ஐயோ, நடந்ததை நினைத்தால் இப்போதும் சந்தோஷம் தாங்கவில்லை!

நான் பாஸ்கல். ராயபுரத்துக்காரன். துறைமுகத்தில் சிக்னல்மேன். கப்பலிலிருந்து இரும்புச் சுருளோ கிரானைட் கல்லோ கிரேன் தூக்கி இறக்கும்போது கீழே நின்று கையைக் காட்டுகிறவன். கண்டெய்னர் பக்கம் வாக்கிடாக்கி வந்து எவ்வளவோ நாளாகிறது. எங்கள் பக்கம் இன்னும் கைதான். அந்த இரைச்சலில் தொண்டை கிழியக் கத்தினாலும் மேலே கூண்டில் கிரேன் ஓட்டும் டில்லிபாபுவுக்கு ஒரு எழுத்துக் கேட்காது. விரலை மேலே நீட்டிச் சுற்றினால் தூக்கு. கீழே நீட்டிச் சுற்றினால் இறக்கு. உள்ளங்கையை என் பக்கம் மடக்கி மடக்கிக் காட்டினால் முன்னே வா. அசைகிற கைக்கு மேலே இன்னொரு கையை ஆடாமல் பிடித்தால் மெதுவாக. இரண்டு கையையும் அகல விரித்தால் எல்லாம் நிறுத்து. இருபத்திரண்டு வருடமாக இந்த ரெண்டு கைதான் எனக்குச் சோறு போடுகிறது.

இன்று கோயிலில் புதுநன்மை. முதல் முறை நற்கருணை அப்பம் வாங்கும் பிள்ளைகள் இருபத்துநாலு பேர், வெள்ளை உடுப்பில், கையில் மெழுகுவத்தியோடு, வாசலிலிருந்து பீடம் வரை வரிசையாக நடந்து வருவார்கள். அந்த இருபத்துநாலில் ஒருத்தி என் தங்கை பிலோமியின் மகள் ஜெனோவா. ஒன்பது வயது. மற்ற வீடுகளில் பிரியாணிக்குக் கறி போதுமா, கேக் வந்ததா என்று கவலை. எங்கள் வீட்டில் ஒரே ஒரு கவலைதான். ஜெனோ அந்த வரிசையில் பீடம் வரை போய்ச் சேருவாளா?

சிரிக்காதீர்கள். போன வருடம் சேரவில்லை. பாட்டுக்குழு டிரம்மை ஓங்கி அடித்ததும் காதைப் பொத்திக்கொண்டு தரையில் படுத்துவிட்டாள். தூக்க வந்த பெண்ணின் கையைக் கடித்தாள். ஐந்நூறு பேர் பார்த்துக்கொண்டிருக்க, பிலோமி அவளை வாரித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தாள். அதற்கப்புறம் என் தங்கை கோயிலுக்கும் வரவில்லை, கல்யாணத்துக்கும் வரவில்லை, சாவுக்கும் வரவில்லை.

இந்த வருடம் ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்கும் தங்கபுஷ்பம் டீச்சரிடம் பிலோமியே போய் நின்றாள். டீச்சர் கெட்டவள் இல்லை. அவளிடமும் இருபத்து மூன்று தாய்மார் பதில் கேட்பார்கள்.

"சேத்துக்கிறேன் பிலோமி. ஆனா வரிசை நின்னுச்சின்னா, நானே கையப் புடிச்சி சைடு கதவு வழியா கூட்டினு போயிடுவேன். அப்புறம் ஒரு வார நாள்ல ஃபாதர்கிட்ட தனியா வாங்கிக்கலாம்" என்றாள்.

"தனியா வேணாம் டீச்சர்" என்று சொல்லிவிட்டு வந்தாள் பிலோமி. வீட்டுக்கு வந்ததும் என்னிடம்தான் உடைந்தாள். "பள்ளிக்கூடத்துல தனி பெஞ்சி. கீழ வெளையாட வுட்டா தனி. எல்லாத்துலயும் தனியாதான்ணா கீது எங்கொயந்த. இந்த ஒரு நாளாவது கூட்டத்தோட நிக்கட்டுமே."

அதுதான் வேண்டியிருந்தது அவளுக்கு. வேறொன்றும் இல்லை.

ஜெனோவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நல்ல பிள்ளை. ஆனால் குக்கர் விசில் அடித்தால் கையில் இருப்பது பறக்கும். பின்னாலிருந்து யாராவது தொட்டால் கடிப்பாள். கடற்கரைக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டு மழை வந்து போகாவிட்டால், அன்றைக்கு அந்த வீட்டில் யாருக்கும் சோறு கிடையாது. அவள் அப்பன் ஜேக்கப் காசிமேட்டிலிருந்து விசைப்படகில் போனால் பதினைந்து நாள் கழித்துத்தான் முகம் காட்டுவான். பள்ளிக்கூடத்திலிருந்து வாரத்துக்கு மூன்று முறை போன் வரும், வந்து கூட்டிப்போ என்று. பிலோமி பார்த்துக்கொண்டிருந்த தையல் கம்பெனி வேலை அப்படித்தான் போனது.

நானும் யோக்கியன் இல்லை. இரண்டு வருடம் முன்னால் கல்மண்டபம் மார்க்கெட்டில் அவள் தக்காளிக் கூடையைத் தள்ளிவிட்டபோது, நாலு பேர் பார்க்கிறார்களே என்று முதுகில் ஒன்று வைத்தேன். என் இடது கையைக் கடித்துவிட்டாள். கட்டைவிரலுக்குக் கீழே தழும்பு இன்னும் இருக்கிறது. பிலோமி ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. ஏழு வயசுப் பிள்ளையை அடித்தவன் நான். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

ஒரு மாதம் கழித்து நானே இறங்கிப் போனேன். "இனிமே கை வெக்க மாட்டேன். நான் இன்னா செய்யணும், சொல்லு" என்றேன். புத்தி கேட்பாள், பணம் கேட்பாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது வேறு.

"தெனம் ஒரு மணி நேரம் இவள பாத்துக்கண்ணா. நான் தலைக்குக் குளிச்சி பத்து நாளாவுது."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது எனக்கு. அடுத்த தெருவில் அண்ணன் என்று ஒருத்தன் இருந்து என்ன பிரயோஜனம்? அன்றிலிருந்து வேலை முடிந்து வந்ததும் மாலை ஆறிலிருந்து ஏழு வரை, பிலோமி வீட்டிலேயே, ஜெனோ என் பொறுப்பு.

முதல் வாரமே என் போன் உடைந்தது. இரண்டாவது வாரம் டிவி வயரைப் பிடுங்கினாள். நான் கத்துவேன். நான் கத்தினால் அவள் கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். வாசலில் நின்று வேடிக்கை பார்க்கும் கெங்கம்மா, "முதுவுல நாலு சாத்து, தன்னால சரியாப்பூடும்" என்பாள். "உன் வேலையப் பாத்துகினு போமே!" என்று அவள்மேலும் பாய்வேன். அந்தக் கத்தலுக்கு ஜெனோ இன்னும் உள்ளே போவாள். நான் போடுகிற சத்தம்தான் பேஜாரு என்று எனக்கு உறைக்கவே இல்லை.

அப்புறம், போன வருடப் புதுநன்மைக்கும் பிறகு, எனக்கு ஜுரம் வந்து தொண்டை கட்டிப்போனதே, அதைத்தான் நான் மாதா செய்த புதுமை என்று சொல்லுவேன். வாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. அன்று மாலை பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தது. ஜெனோ எவர்சில்வர் சொம்பை எடுத்து டிவியைப் பார்த்து ஓங்கிவிட்டாள். கத்த நினைத்தேன், குரல் வரவில்லை. என் கை தானாக எழுந்தது. இரண்டும் அகல விரிந்தது. எல்லாம் நிறுத்து!

நின்றுவிட்டாள். ஓங்கிய சொம்பு ஓங்கியபடியே நிற்கிறது. என் விரல் தரையைப் பார்த்துச் சுற்றியது, மேலே இன்னொரு கை. இறக்கு, மெதுவாக. அவள் என் விரலையே பார்த்தாள். அந்த விரல் சுற்றுகிற வேகத்துக்கே சொம்பு இறங்கியது. தரையில் வைத்தபோது சின்னச் சத்தம்கூட இல்லை. இருபது டன் சுருளை டில்லிபாபு அப்படி இறக்கியது கிடையாது!

அதோடு விடவில்லை அவள். நான் நாற்காலியிலிருந்து எழுந்ததும் இரண்டு கையையும் விரித்தாள். நான் பாதி எழுந்தபடி நின்றேன். விரலை மேலே சுற்றினாள், எழுந்தேன். கீழே சுற்றினாள், உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் என்னைத் தூக்கி இறக்கினாள். நாற்பத்தேழு வயசில் முட்டி இரண்டும் கழன்று கையில் வந்துவிட்டது. அவள் சிரித்த சிரிப்புக்கு, ஈரத் தலையோடு துண்டைக் கட்டிக்கொண்டு பிலோமி ஓடிவந்தாள். என்னவோ உடைந்துவிட்டது என்று பயந்து வந்திருக்கிறாள். மகள் சிரிப்பதைப் பார்த்து வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஆனால் தானும் அப்படிக் கையைத் தூக்கிக் காட்ட மட்டும் பிலோமி சம்மதிக்கவில்லை.

"எம்பொண்ணு இன்னா இரும்புச் சுருளா? வூட்டுக்குள்ள நீ வெளையாடிக்க. தெருவுல நான் அப்படிக் கையக் காட்னா, பைத்தியத்துக்குப் பொறந்தது பைத்தியம்னுவாங்கோ."

பெரியாஸ்பத்திரியில் ஜெனோவைப் பார்க்கும் கவுன்சிலிங் டாக்டரம்மாவிடமே கேட்டுவிட்டோம். அந்த அம்மா என்னை எழுந்து நின்று எல்லாக் கையையும் செய்து காட்டச் சொன்னாள். பார்த்துவிட்டு, "கத்தாம சொல்றீங்க, ஒரு நேரத்துல ஒரு விஷயம் மட்டும் சொல்றீங்க, அவளும் உங்கள நிறுத்தச் சொல்ல முடியுது. இதத்தான் நான் வேற விதமா ஆறு மாசமா சொல்லிட்டிருக்கேன். விடாதீங்க" என்றாள். பிலோமி பக்கம் திரும்பி, "நீங்களும் செய்யணும்மா" என்றாள். பிலோமி தலையை ஆட்டினாள். பஸ்ஸில் ஜெனோ கம்பியைப் பிடித்துத் தொங்கியபோது பிலோமியின் கை மடியை விட்டு எழவே இல்லை. நான்தான் காட்டினேன். கண்டக்டர் வாயைப் பிளந்து பார்த்தான். பார்த்தால் பார்க்கட்டும், எனக்கென்ன?

எனக்குக் கொஞ்சம் புகழ் கிடைத்தால் போதும், தலைகால் புரியாது. டாக்டரம்மாவே பாராட்டிவிட்டாள் என்று துறைமுகத்துச் சட்டம் மொத்தத்தையும் ஜெனோவுக்குச் சொல்லிக்கொடுத்தேன். ஒரு கிரேனுக்கு ஒரே ஆள்தான் சிக்னல். ஷிப்ட் மாறும்போது புதிதாக வருகிற ஆள் தன் நெஞ்சை இரண்டு தட்டுத் தட்டுவான், இனி நான்தான் என்று. அது எங்கள் கும்பலின் வழக்கம். தட்டிவிட்டால் பழைய ஆள் கையை இறக்கிவிட வேண்டும். கடைசிச் சட்டம்தான் ரொம்ப முக்கியம் என்று விரலை ஆட்டி ஆட்டிச் சொன்னேன்.

"சிக்னல் ஆள் கண்ணுல படலன்னா அசையக்கூடாது. எங்க கீறியோ அங்கயே நிக்கணும்."

"அங்கயே நிக்கணும்" என்றாள் ஜெனோ. ஒரு தடவை சொன்னால் அவளுக்கு அது கல்லில் வெட்டின மாதிரி. பிலோமி சமையல்கட்டில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். கேட்கிறாளா இல்லையா என்று நான் கவனிக்கவில்லை.

நேற்று சனிக்கிழமை ஒத்திகை. கோயிலின் வலது பக்கம் மூன்றாவது தூண். வரிசை வாசலில் நுழைந்ததும் அங்கே நிற்கிற ஆள் நன்றாகத் தெரிவான். நான் அங்கே நின்றேன். முன்னே வா, மெதுவாக. ஜெனோ என்னைப் பார்த்துக்கொண்டே வந்தாள். தூணைத் தாண்டியதும் நான் பீடத்தின் பக்கம் நகர்ந்து நின்றேன். போய்ச் சேர்ந்தாள்! தங்கபுஷ்பம் டீச்சர் கைதட்டினாள். பிலோமி கடைசி பெஞ்சில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். முடிந்த பிறகுதான் நிமிர்ந்தாள்.

"நாளைக்கு எங்க மாமா நிப்ப?" என்றாள் ஜெனோ.

"மூணாவது தூண்கிட்ட நிக்கிறேன்."

"எங்கியும் போவக்கூடாது."

"போவமாட்டேன்டா கண்ணு."

மூன்று தடவை சொல்ல வைத்துவிட்டுத்தான் என் கையை விட்டாள்.

இன்று காலையில் எல்லாம் சொன்னபடி நடந்தது. யானைக்கவுனியில் துணி எடுத்துத் தைத்த வெள்ளை கவுன். வலைத்துணி உறுத்தும் என்று பிலோமி இரண்டு ராத்திரி உட்கார்ந்து உள்ளே பழைய காட்டன் புடவையை வைத்துத் தைத்திருந்தாள். காதில் பஞ்சு. டிரம் வேண்டாம் என்று பாட்டுக்குழுவிடம் போன வாரமே சொல்லியாகிவிட்டது. டில்லிபாபு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்துவிட்டான். அவன் மாதா கோயிலுக்குள் வருவது இதுதான் முதல் தடவை. "நைனா, செருப்ப எங்க வுடறது?" என்று கேட்டுக்கொண்டே என் பின்னால் வந்தான்.

மூன்றாவது தூணுக்குப் போனால், அங்கே வீடியோக்காரன் ஆளுயரத்துக்கு ஸ்டாண்டு போட்டு ஒரு லைட்டு வைத்திருக்கிறான்! வரிசை வரும் பாதையைப் பார்த்து, கண்ணைக் குத்துகிற வெளிச்சம். ஜெனோ அந்த வெளிச்சத்தில் ஒரு நொடி நிற்க மாட்டாள். எனக்குத் தெரியும்.

மரியாதையாகத்தான் ஆரம்பித்தேன். "தம்பி, இத கொஞ்சம் தள்ளி வெச்சிக்கப்பா."

"கமிட்டில கேட்டு வெச்சது. நவுரு" என்றான்.

நான் ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தேன். பின்னாலேயே கத்திக்கொண்டு வந்தான். முற்றத்தில் வைத்துவிட்டுத் திரும்பியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. அவன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"அந்த மெண்டல் பொண்ணுக்காவ எல்லாத்தையும் மாத்தணுமா?"

என் கை அவன் காலரில் இருந்தது. எப்படிப் போனது என்று எனக்குத் தெரியாது. அவன் என்னைத் தள்ள, நான் அவனைத் தள்ள, பொத்தான் தெறிக்க, சுற்றிலும் ஆள் சேர, உள்ளே பாட்டு ஆரம்பித்துவிட்டது. எனக்குக் கேட்கிறது. ஆனால் கோபம் வந்தால் எனக்குக் காதுக்கும் மூளைக்கும் நடுவில் வயர் அறுந்துவிடும்.

"பாஸ்கலு!" கோயில் வாசலிலிருந்து டில்லிபாபு அலறினான். "பாப்பா நின்னுட்சிடா!"

ஓடினேன். வாசல் முழுக்கக் கூட்டம். நுனிக்காலில் எட்டிப் பார்த்தேன். முன்னால் போன பிள்ளைகள் பீடத்துக்குக் கிட்டே போய்விட்டார்கள். பின்னால் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் ஒன்றன் மேல் ஒன்று முட்டிக்கொண்டு நிற்கிறார்கள். நடுவில், மூன்றாவது தூண் கண்ணில் படுகிற இடத்தில், ஜெனோ. அழவில்லை, கத்தவில்லை, படுக்கவில்லை. மெழுகுவத்தியை நேராகப் பிடித்துக்கொண்டு காலியாக இருக்கும் அந்தத் தூணையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

சிக்னல் ஆள் கண்ணில் படாவிட்டால் அசையக்கூடாது. நான் சொன்னதைத்தான் செய்கிறாள்! ஒரு எழுத்துத் தவறாமல் செய்கிறாள்! கோயிலில் இருக்கிற அத்தனை பேரிலும் சொன்ன சொல்லைக் காப்பாற்றியவள் அவள் ஒருத்திதான். நான் போய் வெளியே பொத்தான் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

"ஆரம்பிச்சிட்டா" என்று எனக்கு முன்னால் ஒருத்தி சொன்னாள். தங்கபுஷ்பம் டீச்சர் எழுந்துவிட்டாள். பக்கவாட்டுக் கதவை யாரோ திறக்கிறார்கள். டீச்சர் பின்னாலிருந்து வருகிறாள், கையை நீட்டிக்கொண்டே வருகிறாள். பின்னாலிருந்து தொட்டால் தீர்ந்தது. மெழுகுவத்தி பறக்கும், கடி விழும், போன வருடம் மாதிரியே பிலோமி தூக்கிக்கொண்டு போவாள். அப்புறம் இந்த ஜன்மத்தில் அவள் இந்தப் படி ஏறமாட்டாள்.

நான் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினேன். என்ன பிரயோஜனம்? நான் அவளுக்குப் பின்னால் வாசலில் இருக்கிறேன். அவள் தூணைப் பார்க்கிறாள். கத்தலாமா? கத்தினால் அதோடு போச்சு. "வழி வுடுங்கையா, வழி வுடுங்க!" என்று கெஞ்சுகிறேன், எவனும் அசையவில்லை.

அப்போதுதான் பெண்கள் பக்கம் நாலாவது வரிசையில் பிலோமி எழுந்தாள்.

எழுந்தாலும் தெரியவில்லை, முன்னால் அத்தனை தலை. என் தங்கை, பஸ்ஸில் ஒரு கண்டக்டர் பார்ப்பான் என்று கையைத் தூக்காதவள், புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு பெஞ்சு மேல் ஏறினாள்! ஐந்நூறு பேர் நடுவில் ஏறி நின்று, இரண்டு கையையும் அகல விரித்தாள்.

எல்லாம் நிறுத்து.

நின்றதய்யா! நீட்டிய கையோடு டீச்சர் நின்றாள். கீபோர்டு வாசித்தவர் பயந்துபோய் நிறுத்தினார். பாட்டு பாதியில் நின்றது. பீடத்தில் ஃபாதர்கூட நின்றார். பாட்டு நின்ற அமைதியில் ஜெனோ மெல்லத் தலையைத் திருப்பினாள். அம்மாவைப் பார்த்தாள்.

பிலோமி தன் நெஞ்சில் தட்டினாள். ஒன்று. இரண்டு. இனி நான்தான்.

வெங்காயம் அரிந்துகொண்டே எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள்! ஒன்று விடாமல் பார்த்திருக்கிறாள்! இடது கையை மேலே ஆடாமல் பிடித்தாள். வலது கையைத் தன் பக்கம் மடக்கினாள். முன்னே வா. மெதுவாக.

ஜெனோ ஒரு அடி வைத்தாள். இன்னொரு அடி. பின்னால் இருந்த பிள்ளைகளும் அசைந்தார்கள்.

அதற்குள் என் கையும் எழுந்துவிட்டது. பழக்க தோஷம். வாசலில் நின்றபடி நானும் முன்னே வா, முன்னே வா என்று காற்றை மடக்கிக்கொண்டிருக்கிறேன். டில்லிபாபு என் இரண்டு மணிக்கட்டையும் பிடித்துக் கீழே இழுத்தான்.

"கைய எறக்கு நைனா. ஒரு கிரேனுக்கு ஒரே ஆளுதான். அந்தம்மா நெஞ்சத் தட்டிச்சி, பாக்கல?"

இருபத்திரண்டு வருடத்தில் பாதி வேலையில் என் கையை இறக்கச் சொன்னவன் கிடையாது. இறக்கினேன். கண்ணில் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. துடைக்கவும் தோன்றவில்லை.

வரிசை இடைவெளியை மூடிக்கொண்டு பீடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பிள்ளைகள் முன் வரிசையில் தங்கள் இடங்களுக்குப் போனார்கள். ஜெனோவும் போனாள். பிலோமி இன்னும் பெஞ்சு மேலேயே நிற்கிறாள். கை மட்டும் தானாகக் கீழே விழுந்துவிட்டது. சுற்றிலும் இத்தனை கண் பார்ப்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்திருக்கிறது. முகமெல்லாம் சிவந்து, இறங்கவும் தெரியாமல், நிற்கவும் தெரியாமல் நின்றாள்.

ஜெனோ திரும்பிப் பார்த்தாள். தன் மெழுகுவத்தியைப் பக்கத்துப் பிள்ளையிடம் கொடுத்தாள். விரலைக் கீழே நீட்டிச் சுற்றினாள். அதற்கு மேலே இன்னொரு கையை ஆடாமல் பிடித்தாள்.

இறங்கு, மெதுவாக.

பிலோமி இறங்கினாள். பக்கத்தில் இருந்த பெண்கள் கைகொடுத்தார்கள். ஃபாதர் சிரித்துவிட்டார், கோயிலே சிரித்தது. தங்கபுஷ்பம் டீச்சர் போய் அந்தப் பக்கவாட்டுக் கதவைத் தன் கையாலேயே சாத்தினாள். நற்கருணை வாங்கும்போது ஜெனோ சொன்ன ஆமென், கடைசி வரிசையில் இருந்த டில்லிபாபுவுக்கே கேட்டது. அவனும் ஆமென் என்று திருப்பிச் சொன்னான்.

பூசை முடிந்து முற்றத்தில் ஜெனோ நேராக என்னிடம் வந்தாள். நான் முட்டி போட்டு அவள் உயரத்துக்கு உட்கார்ந்தேன்.

"நீ அங்க இல்ல மாமா."

"இல்ல கண்ணு. தப்பு பண்ட்டேன்."

கொஞ்ச நேரம் என் பிய்ந்த சட்டையைப் பார்த்தாள். "அம்மா கீது" என்றாள். அதற்கு மேல் அவளுக்கு என்னிடம் வேலை இல்லை. கேக்கைத் தேடிக்கொண்டு, மற்ற பிள்ளைகள் நின்ற பக்கம் போய்விட்டாள்.

வீடியோக்காரனிடம் மன்னிப்புக் கேட்டேன், பிலோமி கேட்கச் சொன்னதால். அவனும் கேட்டான், அவளிடம். அதையும் கெங்கம்மா சொல்லமாட்டாள்.

பிலோமியிடம் போனேன். "இனிமே சிக்னலு நீதான்மே. எனக்கு ரிடயர்மெண்டு" என்றேன், தமாஷாகத்தான். உள்ளுக்குள் கொஞ்சம் வலித்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

"இன்னா ரிடயர்மெண்டு?" என்று அதட்டினாள். "ஆறு மணிக்கு வந்துடு. சிக்னலு நான் காட்டினாலும் தலைக்குக் குளிக்க வேணாமா நானு?"

மணி இப்போது ஆறாகப் பத்து நிமிடம் இருக்கிறது. நான் வருகிறேன்.